ராயபுரத்தில் இல்லாத மண்

எங்கள் தெருவில் மாடித் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் வாங்குவது செம்மண். ராயபுரத்தில் எங்கே தோண்டினாலும் வருவது கடல் மணல். அதனால் செம்மண் சாக்கில் வருகிறது. மனை மேடாக்கும் வேலை என்றால் லாரியில், யூனிட் கணக்கில். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. போன மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா எட்டு மூட்டை இறக்கினார். கொண்டுவந்தவரிடம், "அண்ணே, நல்ல செம்மண்தானே?" என்று கேட்டார். அவர் மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினார்: "ரெட்ஹில்ஸ் மண்ணுக்கா. கலரப் பாரு!"

கலர் நன்றாகத்தான் இருந்தது. முதல் மழை அடித்து ஓய்ந்து, இரண்டு நாள் வெயில் காய்ந்தபின் தொட்டிகளின் மேற்பரப்பு அப்பளம்போல ஓடாக இறுகிவிட்டது. விதைத்த கீரை அந்த ஓட்டைத் தள்ளிக்கொண்டு மேலே வர முடியாமல் உள்ளேயே வளைந்து கிடந்தது. "மண்ணு ஏமாத்திடுச்சு" என்றார் அக்கா. மண் ஏமாற்றவில்லை. நிறத்தைப் பார்த்து அதன் குணத்தை முடிவு செய்ததில்தான் கோளாறு. மண்ணறிவியலும் தன் இளமையில் இதே தப்பைச் செய்திருக்கிறது.

சிவப்பு எங்கிருந்து வருகிறது? இரும்பிலிருந்து. பாறைக்குள் பூட்டிக் கிடக்கும் இரும்பு, பாறை சிதையும்போது வெளிப்பட்டு, காற்றோடும் நீரோடும் சேர்ந்து துருவாகிறது. அந்தத் துரு ஹேமடைட் என்ற கனிமமானால் சிவப்பு. கோத்தைட் என்ற கனிமமானால் மஞ்சள் கலந்த பழுப்பு. வெப்பமும் நல்ல வடிகாலும் நீண்ட வறண்ட மாதங்களும் உள்ள இடத்தில் ஹேமடைட்டின் கை ஓங்கும். தமிழ்நாட்டு நிலப்பரப்பில் பாதிக்கு மேல் செம்மண்ணாக இருப்பதற்கு இந்த வெயிலும் ஒரு காரணம்.

ஹேமடைட்டை ராயபுரத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்திலிருந்து ரயிலில் வந்த இரும்புத் தாது பல ஆண்டுகள் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறியது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011 அக்டோபரிலிருந்து இங்கே தாதுவும் நிலக்கரியும் கையாளப்படுவதில்லை. அதுவரை துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கொடியில் காய்ந்த வேட்டிக்கு இரண்டு நிறம் ஏறியது: நிலக்கரியின் கறுப்பு, தாதுவின் சிவப்பு. தாதுவின் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இரும்பு. செம்மண்ணில் அவ்வளவெல்லாம் கிடையாது. நுண்ணிய ஹேமடைட் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தாலே மண் சிவந்துவிடும். கோயில் மதிலுக்குப் பட்டை அடிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. காவி என்பதும் இதே இரும்புத் துருதான், ஒரு கைப்பிடியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆக, ஒரு மண் சிவப்பாக இருக்கிறது என்றால் அதில் இரும்பு நிறைய இருக்கிறது என்று பொருள் இல்லை. அந்த நிறம் நேர்மையாகச் சொல்லும் சேதி ஒன்று உண்டு: இங்கே தண்ணீர் தேங்குவதில்லை. இதை வீட்டிலேயே பார்க்கலாம். அடியில் ஓட்டை போடாத பிளாஸ்டிக் வாளியில் செம்மண்ணை நிரப்பி, செடி வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். சில வாரம் கழித்துக் கவிழ்த்தால் அடிமண் சாம்பல் நிறமாகி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்று கிடைக்காத நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் துருவை வைத்து மூச்சுவிடும். அப்போது துரு கரைந்து நிறம் இழக்கிறது. அதே மண்ணை உலர்த்திக் காற்றாட விட்டால் சிவப்பின் சாயல் திரும்பத் தொடங்கும்.

நிறத்தை நம்பி ஏமாற வேண்டுமென்றால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்குப் போக வேண்டும். சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ரத்தச் சிவப்பில் மேடுகள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும், அது மணல். ஒவ்வொரு மணல்மணியும் துருவில் மெல்லிய சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பெய்த மழை நின்ற இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். பனையும் முந்திரியும் வளரும், கம்பு கேழ்வரகு சிரமம். கொங்குச் செவக்காட்டு மண்ணையும் தேரி மண்ணையும் இரண்டு கிண்ணத்தில் வைத்தால் நிறத்தை வைத்துப் பிரிக்கத் தடுமாறுவீர்கள். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ஒரு நொடியில் பிரித்துவிடலாம்.

பிசைவதுதான் மண்ணறிவியலின் மிகப் பழைய ஆய்வுக்கூடம். மண்ணின் துகள்கள் மூன்று அளவு: 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 வரை மணல். அதற்குக் கீழே 0.002 வரை வண்டல் துகள். அதனினும் சிறியது களி. இந்த மூன்றில் எதுவும் தனியாக நாட்டாமை செய்யாத கலவையை ஆங்கிலத்தில் லோம் என்கிறார்கள். தமிழ் வேளாண் நூல்கள் இதைப் பலவிதமாகப் பெயர்த்துப் பார்த்திருக்கின்றன, எதுவும் வாயில் ஒட்டவில்லை. நானும் லோம் என்றே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ நாற்பது பங்கு மணல், நாற்பது பங்கு வண்டல், இருபது பங்கு களி என்பது அதன் நடுப்புள்ளி. களியின் வேலைக்கு அந்த இருபதே போதும் என்பதைக் கவனியுங்கள். துகள் சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு பெருகும், நீரும் சத்தும் பற்றிக்கொள்வது அந்தப் பரப்பில்தான்.

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் மிதந்து கலங்கலாக இருப்பது களி. அக்காவின் மாடிமண்ணை இப்படிப் போட்டுப் பார்த்தோம். மணல் பாதிக்கும் மேல், வண்டல் கொஞ்சம், மேலே செந்நிறக் களி. ஈரமண்ணை உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நாடாவாகப் பிதுக்கினால் ஓர் அங்குலம் தொடுவதற்குள் ஒடிந்தது. மணற்பாங்கான லோம். இரண்டு அங்குலத்துக்குமேல் நீண்டிருந்தால் களிமண் என்றிருப்போம்.

ஓடு கட்டியதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. செம்மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைட் வகை. கரிசலின் களி மழைக்கு உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பே அதற்கு உழவு. கயோலினைட் உப்பவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. மழைத்துளி மோதி மேற்பரப்பின் கட்டிகளை உடைக்கும். உடைந்த துகள்கள் மணலின் சந்துகளை அடைத்துக்கொள்ளும். வெயில் அதைச் சுட்டு ஓடாக்கும். தானாக வெடித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியாத மண் இது. சில இடங்களில் மேலோட்டோடு, அடியிலும் ஓர் இறுகிய அடுக்கு உண்டு. வேளாண்மைத் துறை உளிக் கலப்பை போடச் சொல்வது அதை உடைக்கத்தான். தொட்டிக்கு அவ்வளவு வேண்டாம். தொழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து, மேலே சருகு மூடாக்குப் போட்டதில் அக்காவின் இரண்டாம் கீரை எழுந்துவிட்டது.

குறுந்தொகையில் செம்மண்ணும் மழையும் கலந்ததைப் பாடி, அந்த உவமையாலேயே பெயர்பெற்ற செம்புலப்பெயனீரார் இருக்கிறார். மண்ணைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவரை இழுப்பதால் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்று தோன்றுகிறது. அவர் பார்த்த நிலம் தேரியாக இருந்திருக்க முடியாது. அங்கே தண்ணீர் சிவப்பதற்குமுன் உள்ளே போய்விடும். மேலே ஓடு கட்டி, நீர் உள்ளிறங்காமல் ஓடி, நுண்களியைக் கரைத்துக்கொண்டு போகிற லோமாகத்தான் இருந்திருக்க வேண்டும். காதலர்கள் கண்ட அந்த நீரை ஒரு மண்ணறிவியலாளர் கண்டிருந்தால் மேல்மண் அரிப்பு என்று எழுதி வரப்பு போடச் சொல்லியிருப்பார்.

* * *

மூட்டைக்காரர் பெருமையாகச் சொன்ன ரெட்ஹில்ஸ், அதாவது செங்குன்றம், எங்கள் தெருவிலிருந்து அதிக தூரம் இல்லை. அந்த ஊரின் சிவப்புக்கு ஒரு தண்டவாளக் கதை உண்டு. ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எங்களுக்குப் பெருமை அதிகம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை ஆர்தர் காட்டன் ஒரு தண்டவாளம் போட்டிருந்தார். அதில் ஆள் போகவில்லை, கல் போனது. சென்னையின் சாலைகளுக்குச் செங்குன்றத்துத் துருக்கல்.

துருக்கல், செம்புறாங்கல், அறிவியலில் லேட்டரைட். 1800-இல் மைசூர், மலபார்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், கேரளத்து அங்காடிப்புரத்தில் மண்ணைச் செங்கல் அளவில் வெட்டி வெயிலில் வைத்து இறுக்கி வீடு கட்டுவதைப் பார்த்தார். செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை வைத்து 1807-இல் அச்சான நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். மழை பாறையின் சிலிக்காவையும் சுண்ணாம்பையும் அரித்துக்கொண்டு போனபின் இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சிக் கட்டிப்பட்டது அது. சென்னையைச் சுற்றிய மேடுகளில் இத்தகைய சரளை பரவிக் கிடக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்த பழங்காலக் கற்கோடரியும் இந்தச் சரளையிலிருந்துதான் வந்தது.

செங்குன்றத்து மண்ணும் சிவப்பு, கொங்கு மண்ணும் சிவப்பு; இரண்டும் வேறு வழியில் சிவந்தவை. அங்கே இரும்பு இடம்பெயர்ந்து முடிச்சாகக் கட்டியிருக்கிறது. கொங்கில் நைஸ் வகைப் பாறை கிடந்த இடத்திலேயே உளுத்து மண்ணானது. கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் அந்தப் பாறையின் வரி அப்படியே தெரியும், கையால் நொறுக்கினால் பொடியாகும்.

செம்மண் லோமும் புல்லும் சேர்ந்து வாழ்வதைப் பார்க்கக் கொங்குக்குத்தான் போக வேண்டும். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்தில் கொரங்காடு என்று ஒரு நில ஏற்பாடு உண்டு. தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே குடைபோல வெள்வேல். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். உழுது வெள்ளாமை பார்த்தால் மூன்று ஆண்டில் ஒரு முறை கைவிடும் மண்ணை உழாமல் விட்டு, புல்லாக்கி, புல்லைக் காங்கேயம் மாடாகவும் செம்மறியாகவும் மாற்றிக்கொண்டார்கள். வெள்வேல் நெற்று கோடைத் தீவனம். காடுகளை மாற்றி மாற்றி மேய்ப்பதால் ஒரு பக்கம் தின்னும்போது இன்னொரு பக்கம் தழைக்கும்.

அந்த மண்ணில் கடப்பாரை வைத்து முழங்கால் ஆழம் குழி எடுத்தால் இப்படி இருக்கும். மேலே நாலைந்து அங்குலம் செம்பழுப்பு, புல்வேர் பின்னியது, பரல்கற்கள் கலந்தது. அதன்கீழ் சிவப்பு அழுத்தமாகும். பிசைந்தால் மேல்மண்ணைவிட நாடா நீளும். மழைநீர் மேலிருந்து களியைச் சுமந்து இறங்கி இங்கே விட்டிருக்கிறது. கட்டியை உடைத்து வெளிச்சத்தில் திருப்பினால் அதன் முகங்களில் மெழுகு பூசியது போன்ற பளபளப்பு, களி பூசிய தடம். இன்னும் கீழே பல இடங்களில் வெள்ளையாகச் சுக்கான்கல். கரைந்த சுண்ணாம்பு கடலுக்குப் போகும் அளவுக்கு மழை இல்லை, பாதியிலேயே நின்று கல்லாகிவிட்டது. செங்குன்றத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த வெள்ளைதான்; இங்கே மண் தன் சுண்ணாம்பை இழக்கவில்லை.

இனி வகைப்பாட்டுக்கு வரலாம். உலகில் சிவந்த புல்வெளி மண் என்றே ஒரு பிரிவு இருந்தது. அமெரிக்காவில் 1938-இல் வெளியான மண் வகைப்பாட்டில் ஓக்லஹோமா, டெக்சஸ் பகுதி மண்ணுக்கு அந்தப் பெயர். நிறத்தையும் புல்லையும் சேர்த்து வைத்த பெயர், நம் செவக்காடு மாதிரி. அங்கே சிவப்பு வெயிலில் உண்டானதுகூட இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே சிவந்து படிந்த பாறை அடியில் இருக்கிறது; மண் அதனிடமிருந்து சொத்தாகப் பெற்றுக்கொண்டது. 1987-இல் ஓக்லஹோமா தன் மாநில மண்ணாக அறிவித்ததும் செம்பழுப்பு மண்தான், பெயர் போர்ட். துறைமுகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஓர் ஊரின் பெயர். கடல் அங்கிருந்து நெடுந்தூரம்.

இப்படிக் கண்ணுக்குப் பட்டதை வைத்துப் பெயரிட்டால் ஒருவர் சிவப்பு என்பதை இன்னொருவர் பழுப்பு என்பார். ஆகவே அமெரிக்க மண்ணறிவியலாளர் கை ஸ்மித் தலைமையில் எல்லாவற்றையும் அளந்து பெயரிடும் முறை ஒன்று உருவாகி, 1960-இல் ஏழாம் வரைவு, 1975-இல் முழு நூல் என்று வந்தது. நிறத்தை மன்செல் அட்டையோடு ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும், 2.5 ஒய்ஆர் 3/6 என்றால் சென்னையிலும் சிகாகோவிலும் ஒரே அடர்சிவப்பு. அத்தோடு அடுக்குகளின் தடிப்பு, கரிமத்தின் அளவு, களியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். களித்துகளின் மேல் மின்னூட்டம் உள்ள இடங்கள் உண்டு, ஷேர் ஆட்டோ இருக்கைபோல. அதில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், கொஞ்சமாகச் சோடியம் உட்கார்ந்தால் பயிருக்கு நல்லது. மழை மிகுந்து அவர்கள் இறங்கிவிட்டால் ஹைட்ரஜனும் அலுமினியமும் ஏறிக்கொள்ளும், மண் புளிக்கும். முதல் கூட்டத்தின் பங்குக்குக் காரச் செறிவு என்று பெயர்.

பழைய சிவந்த புல்வெளி மண்ணை இந்த அளவுகோலில் வைத்தபோது அதில் பெரும்பகுதி மொல்லிசால் என்ற வரிசைக்குப் போயிற்று. மேலே தடித்த, இருண்ட, மென்மையான அடுக்கு, 0.6 விழுக்காடாவது கரிமக் கார்பன். காரச் செறிவு பாதிக்குமேல். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல்வேர்கள் மண்ணுக்குள்ளேயே மடிந்து மடிந்து சேர்த்த சேமிப்பு அது.

கொங்கிலும் புல்தான். அப்படியானால் ஏன் அந்தக் கருமை வரவில்லை? குளிர். ஓக்லஹோமாவில் பனிக்காலம் முழுக்க நுண்ணுயிர்கள் சோம்பிக் கிடக்கும், மடிந்த வேர் மட்கியும் மட்காமலும் சேரும். காங்கேயத்தில் ஈரம் பட்ட நாளெல்லாம் அவற்றுக்குப் பந்திதான். மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும். கயோலினைட்டும் கரிமத்தை இறுக்கிப் பிடித்துக் காப்பாற்றுகிற களி இல்லை. மண்வள அட்டையில் கரிமக் கார்பன் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் குறைவு என்று அச்சாகும். நம் செம்மண் பலவற்றுக்கும் அந்தச் சொல்தான் வாய்க்கிறது. ஊட்டி மலைச்சாலையில் வெட்டிய கரையைப் பார்த்தால் இதன் மறுபக்கம் தெரியும். அடியில் இதே சிவப்பு, மேலே கறுப்புப் போர்வை. உயரத்தின் குளிர் செய்த வேலை.

ஆகவே கொங்குப் புல்வெளியின் ஆழமான செம்மண் மொல்லிசால் வீட்டுக்குள் நுழைய முடியாமல் அல்ஃபிசால் வரிசையில் உட்கார்கிறது. களி இறங்கிய அடியடுக்கும் 35 விழுக்காட்டுக்குக் குறையாத காரச் செறிவும் அதன் அடையாளம். அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் குறிகளிலிருந்து வந்த பெயர். அடர்சிவப்பாக இருந்தால் ரோடஸ்டால்ஃப் என்பார்கள். கேட்க முரடாக இருந்தாலும் பிரித்தால் அழகுதான்: ரோட் என்றால் ரோஜா, அஸ்ட் என்றால் வறண்டது, ஆல்ஃப் என்பது அல்ஃபிசாலின் வால். ஹைதராபாத் அருகே படான்சேருவில் இக்ரிசாட் ஆய்வு நிறுவன வளாகத்தில் இதற்குப் பேர்போன மண் இருக்கிறது; அதே வளாகத்தில் கரிசலும் உண்டு. பரல்கல் மிகுந்து, அடுக்குப் பிரியாமல், பாறைக்கு மேல் ஒரு சாண் மட்டும் இருக்கிற கொரங்காட்டு மண் இந்த வரிசைக்கே வராது. இன்செப்டிசால், என்டிசால் என்று இளைய வரிசைகளில் நிற்கும். ஒரே வேலிக்குள் மேட்டில் ஒரு வரிசை, பள்ளத்தில் இன்னொரு வரிசை. மாடு இரண்டிலும் மேயும்.

இந்த லத்தீன், கிரேக்கச் சடங்கெல்லாம் முடிந்து கடைசிப் படியில் மண் மறுபடி ஊர்ப்பெயருக்கு வந்துவிடுகிறது. அந்தப் படிக்குத் தொடர் என்று பெயர்; முதலில் எங்கே விவரிக்கப்பட்டதோ அந்த ஊரே தொடரின் பெயர். கோவைப் பக்கத்துச் செம்மண் ஒன்று இருகூர்த் தொடர், கரிசல் ஒன்று பீளமேட்டுத் தொடர். மூட்டைக்காரர் "ரெட்ஹில்ஸ் மண்ணுக்கா" என்றாரே, முறை அளவில் அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் மூட்டைக்குள் இருந்ததற்கு வகைப்பாட்டு நூலில் இடம் இல்லை. வகைப்படுத்துவது அடுக்குகளை. மண்வெட்டி பட்டதும் மேல் கீழாகி, களி இறங்கிய தடம் நொறுங்கி, எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. தொட்டியில் இருப்பது ஒரு மண்ணின் சரக்கு.

அப்படியென்றால் ராயபுரத்துக்கென்று மண்ணே கிடையாதா என்று அக்கா கேட்டார். 2006-இல் உலக மண் வகைப்பாட்டில் டெக்னோசால் என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். மேல் ஒரு மீட்டருக்குள் செங்கல், கண்ணாடி, கசடு, தார் போன்ற மனிதர் செய்த பொருள் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால் அதுவும் ஒரு மண் வகை. சென்ற மாதம் எங்கள் தெருவில் குழாய்க்காகப் பள்ளம் எடுத்தபோது எட்டிப் பார்த்தேன். மேலே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தார்ப்பாளம். அதன்கீழ் செங்கல் உடைசல், சிமென்ட், ஒரு பிளாஸ்டிக் செருப்பு. பிறகு இரண்டடி லாரிச் செம்மண், இறுகிப்போய், நடுவில் சாம்பல் திட்டுகளோடு. எங்கோ கழிவுநீர் கசிகிறது. அதற்கும் கீழே, இடுப்பளவு ஆழத்தில், கிளிஞ்சல் துண்டுகளோடு வெள்ளை மணல். பள்ளத்தில் நின்றவர் ஒரு கை அள்ளி மேலே நீட்டினார். ஈரமாக இருந்தது.